பிசிஜி ஏற்றும் வாரங்களில் என்ன சாப்பிடுவது, யாரிடம் பேசுவது?

கேள்வி – 4 பிப்ரவரி 2024

என் கணவருக்கு 58 வயது. சிறுநீர்ப்பையில் இருந்த புற்றுக் கட்டியைச் சென்ற மாதம் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் வீரியமான வகை என்று பயாப்ஸி அறிக்கையில் இருக்கிறது. வரும் வாரம் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை பிசிஜி என்ற மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் ஏற்றப்போகிறார்கள். அரிசி, பால், சர்க்கரை மூன்றையும் நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து செத்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். வாழைத்தண்டுச் சாறும் கோதுமைப்புல் சாறும் போதும், மருந்தே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். கணவரோ நோயைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. சாப்பாட்டால் இதைக் கட்டுப்படுத்த முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு

முடியாது. இந்த நோயைக் குணமாக்கும் சாப்பாடு எதுவும் கிடையாது. ஆனால் சிகிச்சையைத் தாங்கி முடிப்பதற்குச் சாப்பாடு பெரிதும் உதவும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் உறவினர் சொல்வதில் எதைக் கேட்பது, எதை விடுவது என்பது தெளிவாகிவிடும்.

நான் நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள், தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கும் முதலில் சுரண்டி எடுத்தார்கள், பிறகு பிசிஜி ஏற்றினார்கள். அது பலன் தராமல் போனதால் சிறுநீர்ப்பையையே அகற்றி, சிறுநீர் சேர வயிற்றின் வெளியே பை வைத்தார்கள். அதனால் இரண்டு கட்டங்களைப் பற்றியும் சொல்ல முடியும். எனக்கு நோய் தெரிந்ததே தாமதமாகத்தான். வலி எதுவும் இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போனதைச் சிறுநீர்த் தொற்று என்று சொல்லி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இதைப் படிக்கும் பெண்கள் யாருக்காவது தொற்று இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகும் இரத்தம் போனால், ஸ்கோப் (சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாய்க் கருவி) போட்டுப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.

சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும் என்பதற்கு விடை இதுதான்: உடம்பின் எல்லாச் செல்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும்; நாம் உண்ணாவிட்டால் கல்லீரல் அதை உருவாக்கி இரத்தத்தில் விடும். பட்டினி கிடந்து மெலிவது உங்கள் கணவர்தான். நீரிழிவு இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டியது வேறு காரணத்துக்காக. அரிசியையும் பாலையும் நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

5 பிப்ரவரி

மருந்து ஏற்றும் நாளைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள்.

பிசிஜி என்பது பிறந்த குழந்தையின் தோளில் போடும் அதே காசநோய்த் தடுப்பூசியின் உயிருள்ள கிருமிதான். அளவுதான் மிக அதிகம். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலஸ் என்ற மருத்துவர் ஒன்பது நோயாளிகளுக்கு இதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்து 1976இல் எழுதினார். அதிலிருந்து தொடங்கியது இந்த வைத்தியம். அந்தக் கிருமி சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டி அழற்சியை உண்டாக்க, உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரண்டு வந்து புற்றுச் செல்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. எரிச்சலும் அடிக்கடி நீர் பிரிவதும் அந்த அழற்சியால் வருபவை. இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மெல்லிய குழாய் வழியாக மருந்தை விட்ட பின் இரண்டு மணி நேரம் நீர் பிரியாமல் அடக்கி வைக்க வேண்டும். அதற்காகவே ஏற்றுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பைக்குள் மருந்து போனால் நீர்த்துப்போகும், அடக்கவும் முடியாது. காலை உணவைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் காபியைக் கட்டாயம் தவிருங்கள். நான் இரண்டு இட்லி, அதற்குக் காரமில்லாத தேங்காய்ச் சட்னி, ஒரு மிடறு தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். சாம்பார் விட்டுக்கொண்டு போன வாரத்தில் கடைசி அரை மணி நேரத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தேன். அதற்குச் சாம்பாரே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பிறகு அதைத் தொடவில்லை.

மருந்து வெளியேறிய பின் நேர்மாறாகச் செய்ய வேண்டும். அன்று மாலைக்குள் தண்ணீர், நீர்மோர், பார்லிக் கஞ்சி என்று தாராளமாக இறங்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6 பிப்ரவரி

நேற்று எழுத விட்டுப்போனது. வீட்டில் பிள்ளைகளுக்குக் காசநோய் ஒட்டிவிடுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ ஒட்டாது. மருந்து ஏற்றிய பின் ஆறு மணி நேரம் வரை பிரியும் நீரில் உயிருள்ள கிருமி அதிகமாக இருக்கும். அந்த நேரத்தில் ஆண்களும் உட்கார்ந்தே நீர் கழிக்க வேண்டும். நின்றுகொண்டு போனால் தெறிக்கும். ஒவ்வொரு முறையும் பிளீச்சைக் கழிப்பறையில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

பிளீச்சோடு ஆசிட்டையோ ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். நம் வீடுகளில் இரண்டும் ஒரே மூலையில்தான் இருக்கின்றன. அந்த வாரங்களில் ஆசிட் புட்டியைக் கழிப்பறையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

9 பிப்ரவரி

எரிச்சலைக் கிளப்பும் உணவுகளின் பட்டியல் ஒன்றைக் கேட்கிறீர்கள். காபி, தேநீர், மது, சோடா வகைகள், எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, மிளகாய் என்று மருத்துவமனைகள் ஒரு தாளைக் கொடுக்கும். புளியையும் ஊறுகாயையும் அதில் நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் பட்டியலையும் ஒரே நாளில் நிறுத்தினால் தமிழ் வீட்டில் சமைக்க என்ன மிஞ்சும்? மனிதர் சாப்பிடுவதையே குறைத்துக்கொள்வார், எடை இறங்கும். ஏற்கெனவே பயந்து போயிருப்பவரைச் சாப்பாட்டிலும் பயமுறுத்துவது சரியில்லை.

எனக்குப் பலித்த வழி இது. ஏற்றும் நாளும் அதற்கடுத்த இரண்டு நாளும் மட்டும் கண்டிப்பாக இருப்பது. மற்ற நாட்களில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்த்து, எரிச்சல் குறைகிறதா என்று கவனித்து, குறையாவிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வது. தக்காளி என்னை ஒன்றும் செய்யவில்லை. டிகாஷன் காபி செய்தது. இரவெல்லாம் எழுப்பிக்கொண்டே இருந்தது. மாலைக் காபியை நிறுத்தியதும் தூக்கம் திரும்பியது. காலைக் காபியைப் பால் கூட்டி, டிகாஷன் குறைத்து வைத்துக்கொண்டேன்; அதையும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, விடத் தேவையும் இருக்கவில்லை.

எரிகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பவர்கள் அதிகம். அதனால் நீர் சுண்டி இன்னும் எரியும். நீர் வெளிர்மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம்.

மலச்சிக்கலையும் கவனியுங்கள். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், அவசரம் கூடும். வாழைத்தண்டுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. நாரோடு கூட்டாகச் செய்து போடுங்கள். கீரை, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை எல்லாம் நல்லவை. வாழைத்தண்டு புற்றைக் கரைக்காது, மலத்தை இளக்கும். அதுவே பெரிய உபகாரம்.

10 பிப்ரவரி

பீட்ரூட் பற்றி ஒரு சொல். அதைச் சாப்பிட்டால் சிலருக்கு நீர் சிவப்பாகப் போகும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்னார்குடிக்காரர் ஒருவர் நோய் திரும்பிவிட்டதென்று முடிவுகட்டி, முகம் வெளுத்து, மனைவியிடமும் சொல்லாமல் வந்திருந்தார். முந்தின நாள் மதியம் என்ன பொரியல் என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சத்து மாத்திரையில் உள்ள பி வைட்டமின் நீரைப் பளீரென்ற மஞ்சளாக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் செம்மஞ்சளாக்கும். நிறம் மாறினால் முதலில் தட்டையும் மாத்திரை அட்டையையும் பார்ப்பது நல்லது. அவற்றில் காரணம் கிடைக்காத சிவப்பு என்றால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்றும் நாளில் நீரில் இரத்தமோ தொற்றோ இருந்தால் பிசிஜியைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடத்தான் வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

14 பிப்ரவரி

நாட்டு மருந்தை ஏன் குறை சொல்கிறீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். ஐயா, நான் குறை சொல்லவில்லை. நெருஞ்சில் கஷாயமும் பார்லியும் நானும் குடித்து வளர்ந்தவள். ஆனால் இந்த நோய்க்காரர்கள் பெயர் சொல்லி விலக்க வேண்டிய மூலிகைகள் இருக்கின்றன. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர்ப் பாதையின் உட்சுவரில் புற்றையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, பிறகு பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று வந்ததை மருத்துவர்கள் விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். பால்கன் நாடுகளின் கிராமங்களில் கோதுமை வயலில் களையாக முளைத்த இதே இனச் செடியின் விதை மாவில் கலந்து தலைமுறை தலைமுறையாக அதே நோயைத் தந்திருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

ஆகவே பெயர் தெரியாத சூரணம் எதுவானாலும் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் வாங்காதீர்கள். கீமோ எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கீமோவில் தரும் சிஸ்பிளாட்டின் மருந்தைச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்குத்தான் கொடுக்க முடியும். கஷாயத்தால் சிறுநீரகம் தளர்ந்துபோனால் நல்ல மருந்து ஒன்று கைநழுவும்.

15 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர் ஆங்கில மருந்தில் மட்டும் ஆபத்தில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீரிழிவுக்குத் தரும் பியோகிளிட்டசோன் மாத்திரைக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்று ஆய்வுகள் சொன்னதால் 2011இல் பிரான்ஸ் அதைச் சந்தையிலிருந்து எடுத்தது. 2013 ஜூனில் இந்திய அரசும் நிறுத்தி, அடுத்த மாதமே எச்சரிக்கைக் குறிப்போடு மீண்டும் அனுமதித்தது. சிறுநீர்ப்பைப் புற்று உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. கணவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், மாத்திரை அட்டையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சர்க்கரை மருத்துவரிடம் புற்றுநோய் அறிக்கையைக் காட்டுங்கள். இரண்டு மருத்துவர்களும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. அறிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

15 பிப்ரவரி, மாலை

பீடியோ சிகரெட்டோ இருந்தால் அது முதலில் நிற்க வேண்டும். இந்நோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகையே காரணம். புகையின் நஞ்சு நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து சிறுநீரகம் வழியாகச் சிறுநீர்ப்பைக்கும் வந்து மணிக்கணக்கில் தங்குகிறது. பால், அரிசியை நிறுத்தச் சொல்லும் உறவினர் இதைச் சொன்னாரா?

புகைக்காதவர்கள் தொழிலையும் நினைத்துப் பாருங்கள். 1895இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார். சாயப்பட்டறை, ரப்பர், தோல் தொழிலில் இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கூட வேலை செய்தவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

25 பிப்ரவரி

கணவர் பேச மறுக்கிறார் என்பதற்கு வருகிறேன். இதற்கு விடை எழுத நாளாயிற்று, ஏனென்றால் இதுதான் எனக்குக் கடினமான கேள்வி.

மார்பிலோ தொண்டையிலோ வந்தால் சொல்லிவிடலாம். இது வந்த இடம் அப்படிப்பட்டது. குழாய் விடும் இடம், நீர் அடங்காமல் துணி நனைவது, தாம்பத்தியம் பற்றிய கவலை, இவற்றை மனைவியிடம்கூடச் சொல்ல ஆண்களுக்கு நா எழுவதில்லை. நீங்கள் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் உங்களைக் கலங்க வைக்கக் கூடாது என்று மறைப்பார். அதே நோய் வந்த இன்னொரு ஆணிடம் மறைக்க வேண்டியதில்லை. அங்கே ஆறுதல் சொல்வார்கள் என்பதால் அல்ல. உண்மையில் அங்கே ஆறுதல் குறைவாகத்தான் சொல்வார்கள். எந்தக் கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பேருந்தில் நடுவில் நிறுத்துவார்கள், இருமும்போது ஒழுகினால் என்ன வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சாக இருக்கும். அந்தப் பேச்சில் நோய் ஒரு சாதாரண காரியமாக, செய்து முடிக்க வேண்டிய வேலையாக மாறுகிறது. எனக்கு அப்படித்தான் மாறியது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்று வயிற்றில் பையோடு வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்ணையே 1958இல் பிற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேலைக்கு அமர்த்தினார். இன்று ஸ்டோமா (பையை ஒட்டுவதற்காக வயிற்றில் இடும் திறப்பு) செவிலியர் என்று நாம் அழைக்கும் பணி அவரிடமிருந்துதான் தொடங்கியது. மருத்துவருக்குத் தெரியாத ஒன்று நோயாளிக்குத் தெரியும் என்பதை ஒரு மருத்துவரே ஒப்புக்கொண்டதன் விளைவு அது.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஏற்றும் நாளில் அரை மணி நேரம் முன்பே போய்த் தாழ்வாரப் பெஞ்சில் உட்காருங்கள். நீங்கள் தண்ணீர் வாங்கப் போவதாக எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் இருப்பவர் இது எத்தனையாவது முறை என்று கேட்பார். பெரும்பாலும் அந்தக் கேள்வியே போதுமானதாக இருக்கும்.

3 மார்ச்

காய்ச்சல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 100 டிகிரி, உடல்வலி, மறுநாள் மதியம் தணிந்தது என்றால் அது பலருக்கும் வருவதுதான். ஆனாலும் அடுத்த முறை ஏற்றும் முன் செவிலியரிடம் சொல்லுங்கள், அவர்கள் குறித்துக்கொள்வார்கள். 101.3 டிகிரிக்கு மேல் போனாலோ, குளிர்நடுக்கம் வந்தாலோ, இரண்டு நாள் தாண்டி நீடித்தாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அரிதாகக் கிருமி இரத்தத்தில் பரவும், அதற்குக் காசநோய் மருந்து தேவைப்படும். அக்கம்பக்கத்து மருத்துவரிடம் போக நேர்ந்தால் சிறுநீர்ப்பையில் பிசிஜி ஏற்றியிருக்கிறது என்ற வாக்கியத்தை முதலில் சொல்ல வேண்டும். நான் அதை ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். இப்போதும் இருக்கிறது, ஏனென்றால் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் இந்தத் தொற்று தலைகாட்டலாம்.

காய்ச்சல் நாளில் வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள். நொய்க்கஞ்சி, ரசம் சாதம், இளநீர். சத்துக் கணக்கெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

11 மார்ச்

அதிக அளவு வைட்டமின் சாப்பிட்டால் நோய் திரும்பாது என்ற செய்தியை ஒருவர் இங்கே ஒட்டியிருக்கிறார். அதற்குப் பின்னால் ஓர் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் 65 நோயாளிகளிடம் செய்ததில் ஏ, பி6, சி, ஈ வைட்டமின்களும் துத்தநாகமும் மிகுதியாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்ததாகக் கண்டார்கள். செய்தி அதோடு நின்றுவிடுகிறது. பிறகு 670 பேரிடம் அதையே செய்து 2010இல் வெளியிட்டபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. முதல் செய்தி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நூலகத்தில் இருந்த காலத்திலேயே இந்த வகைச் சங்கடத்தைப் பார்த்திருக்கிறேன்: பழைய பதிப்பைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

அந்த மாத்திரைப் பணத்துக்கு முட்டையும் பாசிப்பயறும் மத்தி மீனும் வாங்குங்கள். பிசிஜி நாட்களில் எடை குறையாமல் இருந்தால், ஒருவேளை பெரிய அறுவை தேவைப்பட்டாலும் உடம்பு தாங்கும். என் அறுவைக்கு முந்தைய வாரங்களில் புரதம் கூட்டிச் சாப்பிடவும் தினமும் நடக்கவும் சொன்னார்கள். அறுவை முடிந்து எழுந்து நடந்தபோது அதன் அருமை தெரிந்தது.

2 ஏப்ரல்

பை வைத்த பிறகு உணவு எப்படி என்று திருச்சியிலிருந்து ஒரு தங்கை, தம் தாயாருக்காகக் கேட்டிருக்கிறார். இந்த உரையாடலின் தலைப்பை விட்டு விலகுவதாகத் தோன்றலாம், ஆனால் பிசிஜி எடுப்பவர்கள் மனத்தில் உள்ள பெரிய பயமே இதுதான் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, சிறுநீர்க் குழாய்களை அதில் இணைத்து, அதன் மறுமுனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து பையை ஒட்டுவார்கள். 1950இல் யூஜின் பிரிக்கர் பரப்பிய முறை. குடல் குடலாகவே இருப்பதால் சளி சுரந்துகொண்டே இருக்கும்; நீரில் வெண்ணிற இழைகள் மிதப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்தால் சளி அடைக்காது. மீன், வெங்காயம், பூண்டு சாப்பிட்ட நாளில் வாடை கூடும்; விலக்க வேண்டியதில்லை, அன்று கூடுதலாகத் தண்ணீர் குடித்தால் போதும். எடுக்கும் குடல் துண்டு பி12 சத்தை உறிஞ்சும் பகுதிக்கு அருகில் இருப்பதால் ஆண்டுக்கொரு முறை அதன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவு பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். முழுச் சைவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பை மாற்ற ஏற்ற நேரம் விடியற்காலை, காபிக்கு முன்பு. இரவு முழுதும் தண்ணீர் குடிக்காததால் நீர் வரத்து குறைவாக இருக்கும், தோலை உலர்த்தி ஒட்ட அவகாசம் கிடைக்கும். ஸ்டோமா முதல் ஆறு எட்டு வாரங்களில் சுருங்கும், அதனால் ஒவ்வொரு முறையும் அளந்தே ஓட்டை வெட்ட வேண்டும். பழைய அளவிலேயே வெட்டினால் இடைவெளியில் நீர் பட்டுத் தோல் புண்ணாகும்.

இனி சொல்லப்போவதை எந்தத் தாளிலும் நான் பார்க்கவில்லை. அறுவைக்கு முன் ஸ்டோமாவுக்கு இடம் குறிக்கும்போது தாயாரைப் புடவை கட்டியே உட்காரச் சொல்லுங்கள். பாவாடை நாடா இறுக்கும் கோடு எங்கே வருகிறது என்று காட்டுங்கள். ஆஸ்பத்திரி அங்கியில் படுக்க வைத்துக் குறித்தால், வீட்டுக்கு வந்து நாடாவைக் கட்டும்போது அது சரியாக ஸ்டோமாவின் மேல் விழும். ஆண்களுக்கு வேட்டி மடிப்பும் அப்படித்தான். எனக்கு இதைச் சொன்னவர் எனக்கு முன்னால் அறுவை செய்துகொண்ட கும்பகோணத்து அம்மாள். வரிசையில் நிற்கும்போது புடவையைச் சற்று விலக்கி, நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் தைத்திருந்ததைக் காட்டினார். அன்று மாலையே நானும் தைக்கக் கொடுத்தேன்.

4 ஏப்ரல்

தங்கை, மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு 1970களிலிருந்து பை வைத்தவர்களுக்காக இயங்கி வருகிறது. அங்கே வழிகாட்டுபவர்களில் பலர் பையோடு வாழ்பவர்களே.

21 ஏப்ரல்

வாட்ஸ்அப் குழுக்களில் சேரலாமா என்று கேட்டவருக்கு: சேருங்கள், ஆனால் இரண்டைக் கவனித்து. பொடி விற்பவர் உள்ளே இருந்து, அவரை யாரும் தட்டிக்கேட்காவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். இன்னொருவரின் அறிக்கையோடு உங்கள் அறிக்கையை ஒப்பிடாதீர்கள். தரம், ஆழம், எத்தனை கட்டி, முதல் முறையா திரும்பியதா என்று இந்நோயில் ஆளுக்கு ஆள் நிலை வேறு. எனக்கு பிசிஜி பலிக்கவில்லை என்பதை இங்கே எழுதவே தயங்கினேன், உங்கள் கணவர் படித்துவிட்டு மனம் உடைவாரோ என்று. மறைப்பதும் சரியல்ல என்றுதான் எழுதினேன். பலித்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவதால் எழுத வருவதில்லை.

கூட்டாளிகள் இறப்பதும் உண்டு. பெஞ்சில் பழகியவர் ஒருவர் வராமல் போனபோது நான் சில வாரம் யாரிடமும் பேசவில்லை. அதன் பிறகும் இந்தத் துணை வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டும் என்றுதான் தோன்றியது. அவர் சொல்லிக்கொடுத்ததை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

30 ஜூன்

ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்ததைப் படித்தேன். வயிறு குளிர்ந்தது. கணவரே இரண்டு வரி எழுதியிருப்பது அதைவிட மகிழ்ச்சி.

ஐயா, இனிக் கேட்டதற்கு வருகிறேன். ஆறு முறையோடு முடியவில்லையா என்ற உங்கள் சலிப்பு நியாயமானது. வீரியமான வகைக்கு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பிறகு ஆறு மாதத்துக்கொரு முறை மும்மூன்று வாரமாக மூன்று ஆண்டு வரை ஏற்றுவது வழக்கமான அட்டவணை. உடம்பு தாங்காவிட்டால் குறைப்பார்கள். பலரும் முழுவதையும் முடிப்பதில்லை. முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கொரு ஸ்கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். மூன்று வாரத் தவணையில் எரிச்சல் முன்பைவிட விரைவாக வரலாம். முதல் தவணையில் எந்த உணவு ஒத்துக்கொண்டதோ அதை மனைவி குறித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார், அதை அப்படியே பின்பற்றுங்கள்.

சென்னைக்கு ரயிலில் போவதாக இருந்தால் மருத்துவமனையில் ரயில்வே சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு சலுகை. கழிப்பறைக்குப் பக்கத்தில் கீழ்ப்படுக்கை கேளுங்கள்.

மன்னார்குடிக்காரர் இப்போது பராமரிப்புத் தவணையில், அதாவது அந்த மூன்று வாரத் தவணைகளில், இருக்கிறார். உங்களிடம் பேச அவருக்குச் சம்மதம். எண்ணை இங்கே பொதுவில் போட மாட்டேன், தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் அழையுங்கள். அதற்கு முன் வயலில் இருப்பார்.